பெயர் அப்புறம், முதலில் பார்த்ததைச் சொல்லுங்கள்

வாட்ஸ்அப்பில் எனக்கு வரும் மருத்துவக் கேள்விகளில் தோல் பற்றியவைதான் அதிகம். “மேடம், இது படர்தாமரையா?” “அக்கா, பையன் கன்னத்துல வெள்ளை வெள்ளையா இருக்கு, வயித்துல பூச்சியா?” “டாக்டர், அப்பா முதுகுல கறுப்பா ஒண்ணு வளருது, கேன்சரா இருக்குமோன்னு பயமா இருக்கு.” கூடவே ஒரு படமும் வரும். ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில், மிகக் கிட்டத்தில் வைத்து எடுத்த மங்கலான படம். அது கையா காலா என்றுகூடத் தெரியாது. எல்லோருக்கும் வேண்டியது ஒரு பெயர். நான் திருப்பிக் கேட்பது வேறு: “பேரை அப்புறம் பார்ப்போம். கண்ணுக்கு என்ன தெரியுது, கைக்கு என்ன தெரியுது, அதைச் சொல்லுங்க.”

நான் பொது மருத்துவம் பார்ப்பவள். தோல் நிபுணர்களிடம் அனுப்ப வேண்டியவர்களைப் பிரித்து அனுப்புவதும் என் அன்றாட வேலை. அந்த வேலையில் நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. இதயமோ ஈரலோ நோயாளியின் கண்ணுக்குத் தெரியாது. தோல் அப்படியில்லை, மருத்துவர் பார்க்கும் அதே இடத்தை நோயாளியும் பார்க்கிறார், அவரைவிட அதிக நாள் பார்த்திருக்கிறார். எப்படிப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்தால் பாதி நோயை நோயாளியே கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவார். அவசரப்பட்டுப் பெயர் வைத்துவிட்டால் அந்தப் பார்வை அங்கேயே நின்றுவிடும்.

வடிவத்தைப் பார்த்தே பிரித்தார்கள்

18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை தோல் நோய்களின் பெயர்களில் பெருங்குழப்பம். ஒரே நோய்க்குப் பத்துப் பெயர், பத்து நோய்க்கு ஒரே பெயர். லண்டனில் ஏழைகளுக்கான மருந்தகம் ஒன்றில் வேலை பார்த்த ராபர்ட் வில்லான் என்ற மருத்துவர் (1757–1812) இதைச் சீர்படுத்த முனைந்தார். நோய் ஏன் வந்தது என்ற ஊகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, தோலில் என்ன தெரிகிறது என்பதை மட்டும் வைத்து எட்டு வகையாகப் பிரித்தார்: சிறு மேடு, செதில், சிவந்த தடிப்பு, பெரிய கொப்புளம், சிறு கொப்புளம், சீழ்க்கொப்புளம், ஆழமான முடிச்சு, தட்டையான நிறமாற்றம். கிருமிகளால் நோய் வரும் என்பது நிறுவப்படாத காலம் அது. இன்று மருத்துவக் கல்லூரியில் தோல் பாடம் தொடங்குவதும் ஏறக்குறைய அதே பட்டியலில்தான்.

இந்தப் பார்வை எவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் என்பதற்குப் பெரியம்மை ஒழிப்பைச் சொல்லலாம். 1970களில் இந்தியக் கிராமங்களில் பணியாளர்கள் பெரியம்மை கண்ட ஒரு குழந்தையின் படம் போட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், “இந்த மாதிரி யாருக்காவது இருக்கா?” என்று கேட்டார்கள். கண்டுபிடித்தது சின்னம்மையா பெரியம்மையா என்று பிரிக்க அவர்களிடம் இருந்த முதல் கருவி கண்தான். பெரியம்மை முகத்திலும் கை கால்களிலும் அடர்ந்திருக்கும். உள்ளங்கை, உள்ளங்காலிலும் வரும். ஒரு பகுதியில் உள்ள கொப்புளங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மை மார்பிலும் முதுகிலும் அடர்ந்திருக்கும். ஒரே இடத்தில் புதிய சிவப்புப் புள்ளியும், நீர் கோத்த கொப்புளமும், காய்ந்த பொருக்கும் கலந்து கிடக்கும். இந்த வேறுபாட்டைப் படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் கற்றுக்கொடுக்க முடிந்தது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1980இல் உலகமே விடுபட்டதாக அறிவித்தார்கள்.

முதலில் விரலால் தடவுங்கள்

கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தின் மேல் விரலை ஓட்டுங்கள். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை, கண்ணைத் திறந்தால் நிறம் மட்டும் வேறு என்றால் அது தட்டையானது. மங்கு, வெண்புள்ளி, பல மச்சங்கள் இந்த வகை. விரலுக்குத் தட்டுப்பட்டால் மேடு: பரு, மரு, வேர்க்குரு. மேடு ஆழத்தில் உருண்டையாக இருந்தால் முடிச்சு. தோலுக்கு அடியில் மெத்தென்று, அழுத்தினால் நழுவிப் போவது பெரும்பாலும் கொழுப்புக் கட்டி. உயரம் குறைவாக, பரப்பு அதிகமாக, தட்டுப்போல் இருப்பது இன்னொரு வகை. சொரியாசிஸ் அப்படித்தான் இருக்கும். உள்ளே தெளிந்த நீர் இருந்தால் கொப்புளம், மஞ்சளாக இருந்தால் சீழ்க்கொப்புளம். அளவைச் சொல்லும்போது ஒரு சென்டிமீட்டருக்குள்ளா, அதற்கு மேலா என்று சொன்னாலே உதவி. மருத்துவப் பெயர்கள் பலவும் அந்த எல்லையில்தான் மாறுகின்றன.

திடீரென்று வீங்கி அரிக்கும் தடிப்புக்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, நேரத்தைக் குறித்து வையுங்கள். காணாக்கடி என்று நம் ஊரில் சொல்லும் ஒவ்வாமைத் தடிப்பு என்றால் 24 மணி நேரத்துக்குள் அந்த வட்டத்துக்குள்ளிருந்து தடயமில்லாமல் மறைந்துவிடும். புதியது வேறு இடத்தில் கிளம்பலாம். அதே தடிப்பு அதே இடத்தில் மறுநாளும் இருந்து, வலித்து, கன்றிய தழும்பு விட்டுப் போனால் அது வேறு. கட்டாயம் காட்ட வேண்டும்.

மேற்பரப்பு என்ன சொல்கிறது

செதிலையும் பொருக்கையும் பலர் ஒன்றாகச் சொல்கிறார்கள். செதில் என்பது உதிரும் காய்ந்த தோல். பொருக்கு என்பது கசிந்த நீரோ சீழோ ரத்தமோ காய்ந்து ஒட்டியது. குழந்தையின் மூக்கையும் வாயையும் சுற்றித் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டியிருந்தால் பாக்டீரியாத் தொற்று. ஒரே துண்டைப் பயன்படுத்தினால் வீட்டில் மற்ற குழந்தைகளுக்கும் வரும். முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் வெள்ளி நிறத்தில் அடுக்கடுக்காகச் செதில் உதிர்ந்தால் சொரியாசிஸை நினைக்க வேண்டும். அது தொற்றவே தொற்றாது.

பாதத்தில் தடிப்பாக ஒன்று வந்து, கால் ஆணியா மருவா என்று குழம்பினால் தோல் ரேகைகளைப் பாருங்கள். கால் ஆணியில் ரேகைகள் அதன் மேலேயும் தொடர்ந்து ஓடும். மருவில் ரேகைகள் ஓரத்திலேயே அறுந்து நிற்கும், உள்ளே கறுப்பாகச் சிறு புள்ளிகள் தெரியும். அவை ரத்தம் உறைந்த நுண்குழாய்கள். மரு வைரஸால் வருவது, பரவக்கூடியது. கால் ஆணி அழுத்தத்தால் வருவது. செருப்பை மாற்றாமல் அது போகாது.

நம் தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது

பாடநூல்கள் “சிவந்திருக்கும்” என்று எழுதுவது பெரும்பாலும் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. மாநிறத்திலும் கறுப்பிலும் அதே அழற்சி ஊதாவாக, சாம்பலாக, வெறும் அடர் பழுப்பாகத் தெரியும். “சிவக்கவே இல்லையே” என்று நோயாளியும், சில சமயம் மருத்துவரும் விட்டுவிடுகிறார்கள். லண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மலோன் முக்வெண்டே என்ற மாணவர், கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று ‘மைண்ட் த கேப்’ என்ற கையேட்டை ஆசிரியர்களோடு சேர்ந்து 2020இல் வெளியிட்டார். அது வெளிவர அவ்வளவு காலம் ஆனது எனக்கு வருத்தம்தான். நாம் செய்யக்கூடியது இது: நிறத்தை மட்டும் நம்பாமல் புறங்கையால் சூட்டைத் தொட்டுப் பாருங்கள், உடம்பின் மறுபக்கத்தில் அதே இடத்தோடு ஒப்பிடுங்கள்.

இன்னொரு சோதனையை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டைப் புள்ளிகளின் மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது நிறம் மறைந்தால் ரத்தம் இன்னும் குழாய்க்குள் இருக்கிறது. மறையவே இல்லையென்றால் ரத்தம் குழாயை விட்டுத் தோலுக்குள் கசிந்திருக்கிறது. காய்ச்சலோடு இப்படி மறையாத புள்ளிகள் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. டெங்குவில் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம், மூளையுறைக் காய்ச்சலாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நன்றாகக் கறுத்த தோலில் இதை உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உள்பக்கம், வாய்க்குள் பாருங்கள். புள்ளி மறைகிறது என்பதற்காகச் சோர்ந்து கிடக்கும் குழந்தையை வீட்டிலேயே வைத்திருக்கவும் கூடாது.

எங்கே வந்தது, எப்படிக் கோத்திருக்கிறது

இடம் பாதி விடையைச் சொல்லிவிடும். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், அக்குள், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சிறு மேடுகள், ராத்திரியில் தாங்க முடியாத அரிப்பு, வீட்டில் இன்னொருவருக்கும் அதே தொல்லை என்றால் சிரங்கு. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு சிறு பூச்சி தோலுக்குள் வளை தோண்டுவதால் வருவது. முதல் தடவை ஒட்டினால் அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதனால்தான் அரிக்காதவர் உட்பட வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து தடவ வேண்டும் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

உடம்பின் ஒரே பக்கத்தில், நடுக்கோட்டைத் தாண்டாமல், பட்டைபோல் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் வந்தால் அக்கி. கொப்புளத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அந்த இடத்தில் எரிச்சலும் வலியும் இருந்திருக்கும். சின்னம்மை வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து மறுபடி கிளம்புவதுதான் இது. காவி குழைத்து எழுதுவதில் மனசுக்கு ஆறுதல் கிடைக்கலாம். ஆனால் வைரஸ் மருந்தைக் கொப்புளம் தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன், குறிப்பாக வயதானவர்களுக்கு. கண்ணைச் சுற்றியோ மூக்கின் நுனியிலோ வந்தால் அன்றே கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

பொருள் பட்ட இடத்தின் வடிவத்திலேயே சில வரும். கவரிங் நகை தொட்ட இடம், ஹேர் டை பட்ட நெற்றியோரம், செருப்பு வார் அழுத்திய புறங்கால். நெற்றி நடுவில் ஸ்டிக்கர் பொட்டின் அளவுக்கே வெள்ளையாகிவிடுவதும் உண்டு. பசையில் உள்ள ஒரு ரசாயனம் நிற அணுக்களை அழித்துவிடும். பொட்டை மாற்றி மாற்றிப் பயனில்லை. ஒட்டுவதையே நிறுத்த வேண்டும்.

நான்கு வெள்ளைத் திட்டுகள்

வெள்ளையாக எது தெரிந்தாலும் நம் வீடுகளில் பயம் ஒன்றுதான். பார்க்கத் தெரிந்தால் நான்கையும் பெருமளவு பிரித்துவிடலாம்.

குழந்தையின் கன்னத்தில், ஓரம் தெளிவில்லாமல், லேசாகச் சொரசொரவென்று வெளிறியிருப்பது பெரும்பாலும் வறட்சியால் வரும் மெல்லிய கரப்பான் வகை. வயிற்றுப் பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கால்சியம் குறைவும் காரணமில்லை. ஈரப்பதம் காக்கும் களிம்பு தடவினால் மெல்லச் சரியாகும்.

மார்பு, முதுகு, கழுத்தில் சின்னச் சின்னதாகத் தொடங்கி ஒன்றோடொன்று சேர்வது தேமல். தோலை இரு விரலால் இழுத்தாலோ நகத்தால் லேசாகச் சுரண்டினாலோ தவிடுபோல் செதில் கிளம்பும். எல்லோர் தோலிலும் இருக்கும் ஒரு பூஞ்சை, வியர்வையில் பெருகுவதால் வருவது. பூஞ்சை போன பிறகும் நிறம் திரும்பச் சில மாதம் ஆகும். “மருந்து கேட்கலை” என்று அதற்குள் கடை கடையாக ஏற வேண்டாம்.

பால் வெள்ளையாக, ஓரம் கோடு கிழித்ததுபோல் தெளிவாக, மேற்பரப்பு மற்ற தோலைப் போலவே வழவழப்பாக இருப்பது வெண்புள்ளி. அதன் மேலுள்ள முடியும் வெளுக்கலாம். தொட்டால் உணர்ச்சி முழுதாக இருக்கும். இது தொழுநோயும் இல்லை, தொற்றும் இல்லை. இதைக் காரணம் காட்டி ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்துவது அநியாயம்.

நான்காவதுதான் தொழுநோய். திட்டு முழு வெள்ளையாக இருக்காது. வெளிறியோ செம்பு நிறத்திலோ இருக்கும். அரிக்காது, வலிக்காது. அந்த இடத்தில் முடி குறைந்து, வியர்க்காமல் காய்ந்திருக்கலாம். ஒரு கொத்தனார் முன்கையில் இப்படி ஒரு திட்டோடு காய்ச்சலுக்காக வந்தார். திட்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நான்தான் கேட்டேன். “அதுவா மேடம், அது ஒண்ணும் பண்ணலை, சும்மா கிடக்கு” என்றார். கண்ணை மூடச் சொல்லி, பால்பாயின்ட் பேனா நுனியால் தொட்டு, தொட்ட இடத்தை மறு கை விரலால் காட்டச் சொன்னேன். திட்டுக்கு வெளியே ஒவ்வொரு முறையும் சரியாகக் காட்டினார். திட்டின் நடுவில் தொட்டபோது விரலை நீட்டாமல், “தொடுங்க மேடம்” என்று காத்திருந்தார். பேனா அவர் தோலின் மேல்தான் இருந்தது.

ஒன்றும் பண்ணாத திட்டைத்தான் நாம் தேடிப் பார்க்க வேண்டும். இந்தியா 2005 இறுதியில் தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை எட்டியது. ஆனால் நோய் முற்றிலும் போய்விடவில்லை. 1980களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும். தாமதித்தால் கிருமி போனாலும் நரம்புச் சேதம் திரும்பாது.

அழிந்துபோன வளையம்

இப்போது அதிகம் பார்ப்பதும், அதிகம் கோபம் வருவதும் படர்தாமரை விஷயத்தில்தான். இயல்பாக அது வளையமாக இருக்கும். ஓரம் மேடாக, செதிலோடு, சிறு மேடுகளோடு வெளியே படர்ந்துகொண்டே போகும். நடு ஆறிக்கொண்டு வரும். பாவாடை நாடா கட்டும் இடுப்பு, தொடையிடுக்கு, மார்பகத்துக்குக் கீழே என்று வியர்வை தங்கும் இடங்களில் வரும். ஓரத்தைப் பார்த்தாலே கண்டுபிடிக்கலாம்.

ஆனால் என்னிடம் வருபவர்களுக்குப் பெரும்பாலும் ஓரமே இருப்பதில்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ட்யூப்பைப் பையிலிருந்து எடுப்பார்கள். கடைசிச் சொட்டுவரை பிழிந்து, அடியிலிருந்து சுருட்டி வைத்தது. “தடவினா ரெண்டு நாள்ல அரிப்பு நின்னுடுது மேடம், விட்டா மறுபடி வருது.” பின்பக்கம் பொடி எழுத்தில் குளோபிடசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்று இருக்கும். இரண்டும் வீரியமான ஸ்டீராய்டு. அது அழற்சியை அடக்கி அரிப்பை நிறுத்துகிறது, பூஞ்சையை வளரவிடுகிறது. வளையம் கலைந்து, வளையத்துக்குள் வளையமாகி, இடுப்பிலிருந்து முதுகுவரை பரவுகிறது. தோல் மெலிந்து தொடையில் பிரசவக் கோடுகள்போல் வரிகள் விழுகின்றன, அவை மறையாது. தோலில் போடும் ஸ்டீராய்டுகள் பலவற்றை 2018இல் அரசு மருந்துச்சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலில் சேர்த்தது. கடைகளில் இன்னும் எளிதாகவே கிடைக்கிறது. வழக்கமான டெர்பினாஃபின் மாத்திரைக்கு அடிக்கடி அடங்காத ஒரு பூஞ்சைக்கு 2020இல் ‘டிரைக்கோபைட்டான் இன்டோடினியே’ என்று நம் நாட்டின் பெயரையே வைத்தார்கள். பெயர் தெரிந்த தைரியத்தில் ட்யூப் வாங்குவதன் விலை இது.

கறுப்பு எப்போது கவலை

கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்து, வெல்வெட்போல் தடித்திருந்தால் அதை அழுக்கென்று தேய்க்காதீர்கள். பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. பிள்ளைக்கு இருந்தாலும் சர்க்கரையையும் எடையையும் பார்க்க வேண்டும்.

மச்சத்தைப் பொறுத்தவரை, இரு பாதி ஒத்துப்போகாதது, ஓரம் ஒழுங்கற்றது, ஒரே மச்சத்தில் பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அளவு, மாறிக்கொண்டே இருப்பது ஆகியவை எச்சரிக்கைகள். கடைசிதான் முக்கியம். நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு மெலனோமா புற்றுநோய் அபூர்வம். வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வருவது அதிகம். பாப் மார்லிக்குக் கால் விரலில் வந்தது. 1981இல் 36 வயதில் இறந்தார். நகங்கள் பலவற்றில் மங்கலான பழுப்புக் கோடுகள் நம்மிடையே சாதாரணம். ஒரே நகத்தில் கோடு அகலமாகிக்கொண்டே போய், நகக்கண் தோலுக்கும் கறுப்பு பரவினால் காட்டுங்கள். அதேபோல், ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத எந்தப் புண்ணையும், பழைய தீக்காயத் தழும்பில் புதிதாக வந்த புண்ணையும் காட்டியாக வேண்டும்.

எப்படிச் சொல்வது

“கையில அலர்ஜி” என்று சொல்வதைவிட, “வலது முன்கையின் உள்பக்கம், மூணு வாரமா, முதல்ல கடுகளவு, இப்ப எலுமிச்சம்பழ அளவு வட்டம், ஓரம் மேடு, செதில் உதிருது, ராத்திரி அரிக்குது, பத்து நாள் இந்த ட்யூப் போட்டேன்” என்று சொல்லுங்கள். ட்யூப்பைக் கையோடு கொண்டுவாருங்கள், காலியானதாக இருந்தாலும். போவதற்கு முன் மஞ்சள், விபூதி, எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். அடியில் உள்ள நிறம் மறைந்துவிடும். படம் எடுப்பதென்றால் பகலில் ஜன்னல் ஓரமாக, ஃபிளாஷ் இல்லாமல் இரண்டு எடுங்கள்: உடம்பில் எங்கே என்று தெரிய ஒன்று தூரத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று கிட்டத்தில். வாரம் ஒரு படம் அதே இடத்தில் எடுத்து வைத்தால், மாறுகிறதா என்ற கேள்விக்கு வேறு சாட்சி வேண்டாம்.

சில விஷயங்களில் விவரிக்க நேரம் எடுக்காதீர்கள். தடிப்போடு உதடு, நாக்கு வீங்கி மூச்சுத் திணறினால். புது மாத்திரை சாப்பிட்ட பிறகு தோல் வலித்து, கொப்புளித்து உரிந்து, வாயும் கண்ணும் புண்ணானால். வீங்கிச் சுடும் இடம் மணிக்கணக்கில் படர்ந்துகொண்டே போனால், அப்போதே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முதுகு, பிட்டம், உள்ளங்கால், தலை — இவற்றை யாரும் தனக்குத் தானே எளிதில் பார்த்துக்கொள்ள முடியாது. வயதான அப்பா அம்மாவுக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் குத்தியிருப்பதுகூடத் தெரியாது. இந்த வாரம் அவர்களை வெளிச்சத்தில் உட்கார வைத்து, கால் இரண்டையும் எடுத்து மடியில் வைத்து, விரலிடுக்கு விரலிடுக்காகப் பாருங்கள். கண்டதை அவர்கள் மருத்துவரிடம் கண்டபடியே சொல்லுங்கள்.